முழங்கால் உயரம்

பெருமதிப்பிற்குரிய கபில் தேவ் அவர்களுக்கு,

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியிலிருந்து எழுதுகிறேன். பட்டு நெசவு எங்கள் தொழில். எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. கமண்டல நாகநதியில் மழைக்காலத்தில் கொஞ்சம் தண்ணீர் ஓடும், மற்ற மாதங்களில் மணல்தான். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். இப்படிப்பட்ட ஊரிலிருந்து, இந்தியத் தொழில்முறை கோல்ஃப் சுற்றான பி.ஜி.டி.ஐ.யின் தலைவருக்கு ஒரு நெசவாளி மடல் எழுதக் காரணம் என் தம்பி மகன்.

அவனைப் பற்றிச் சொல்வதற்கு முன் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1983 ஜூன் 25 ராத்திரி என் அப்பா தறிக்குழியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ட்ரான்சிஸ்டரைப் பக்கத்துத் திண்ணையில் வைத்துவிட்டு, கால் மிதியை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் உலகக் கோப்பையைத் தூக்கியதை நாங்கள் காதால்தான் பார்த்தோம். பிறகு உங்கள் முகமும் வீட்டுக்குள் வந்தது, ராபிடெக்ஸ் ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில். நான் அதை வாங்கியது ஆங்கிலம் தெரியாத கூச்சத்தில். 2024 ஜூனில் நீங்கள் இந்தப் பொறுப்புக்கு வந்த செய்தியைப் படித்தபோது அந்த அட்டைதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஏன் என்பது இந்த மடலை முடிப்பதற்குள் உங்களுக்குப் புரியும்.

என் தம்பி மகன் ப்ளஸ் டூ முடித்த கையோடு தறியில் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அது 2012. சென்னையில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்த அவன் தாய்மாமனிடம் அனுப்பினோம். அங்கே கேடியாகப் பை தூக்கினான். காலை ஐந்தரைக்கே கேட்டில் போய் நிற்க வேண்டும். அன்றைக்குப் பை கிடைத்தால் கூலி. எங்கள் வீட்டிலும் கணக்கு அப்படித்தான், சேலை இறங்கினால்தான் கூலி.

திங்கட்கிழமைகளில் அந்த மைதானத்துக்கு விடுமுறை. அன்று ஒரு நாள் மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். உறுப்பினர் ஒருவர் கழித்துப் போட்ட ஏழாம் நம்பர் ஸ்டிக் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தத் திங்கட்கிழமைகளில்தான் அவன் ஆட்டம் கற்றான். வாரத்துக்கு ஒரு நாள் என்றால் ஆறு வருஷத்துக்கு எத்தனை நாள் என்று ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முந்நூற்றுச் சொச்சம் வந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரே வருஷத்தில் அத்தனை நாள் ஆடிவிடும்.

2019-ன் தொடக்கத்தில் அவன் ஒரு தகுதிப் போட்டிக்குப் போனான். எந்தப் போட்டி, எந்த மைதானம் என்று நான் எழுதவில்லை. யார் மீதும் எனக்குக் குறை இல்லை. கட்டணம், ரயில், அறை, சாப்பாடு எல்லாவற்றுக்குமாக அவன் அம்மாவின் வளையல் இரண்டும் அடகுக்கடைக்குப் போயின. கேடி வைத்துக்கொள்ளக் காசு மிஞ்சவில்லை. ஆறு வருஷம் ஊரார் பையைச் சுமந்தவன், அந்த நான்கு நாளும் தன் பையைத் தானே சுமந்து ஆடினான்.

நான்காம் நாள் பதினான்காவது குழியில் அவன் பந்து சிமென்ட் பாதையில் போய் நின்றது. அப்படி நின்றால் தண்டனை இல்லாமல் எடுத்துப் பக்கத்தில் போட்டு அடிக்கலாம். அவனுக்கு அது நன்றாகத் தெரியும். நேராக நின்றான், கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினான், பந்தை விட்டான், அடித்தான். நல்ல அடி. ஆறு வருஷமாக அவன் பார்த்த எல்லோரும் அப்படித்தான் விட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் விதி மாறியிருந்தது. பந்தை இனி முழங்கால் உயரத்திலிருந்துதான் விட வேண்டும். தப்பாக விட்டாலும், அடிப்பதற்கு முன் எடுத்துச் சரியாக விட்டுவிட்டால் தண்டனை இல்லை. அடித்துவிட்டால் ஒரு ஸ்ட்ரோக் கூடும். புது விதி அவனிடம் வந்து சேராமல் இல்லை. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளாக அவன் பைக்குள் இருந்தது.

சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். தகுதிக் கோட்டுக்கு ஒரே ஒரு ஸ்ட்ரோக் வெளியே இருந்தான்.

ஊருக்கு வந்த பிறகு மூன்று நாள் அவன் வாய் திறக்கவில்லை. நான்காம் நாள் என் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அன்று பழைய பாவு முடிந்து புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தேன். விரலில் சாம்பல் தொட்டு, பழைய இழையின் முனையையும் புது இழையின் முனையையும் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றாக. ஒரு இழை தவறினால் சேலை நெடுகக் கோடு விழும். நெய்த சேலையை முதலாளி வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார், அந்தக் கோட்டுக்குக் கூலியில் பிடித்தம் விழும். அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "பெரியப்பா, இழை தப்பினா உங்களுக்குக் கூலியில பிடிப்பாங்க. எனக்கு ஒரு வருஷத்தையே பிடிச்சுட்டாங்க." எனக்குப் பதில் வரவில்லை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் மெக்சிகோவில் நடந்த ஒரு பெரிய போட்டியில் அமெரிக்காவின் ரிக்கி ஃபௌலரும் இதே தவறைச் செய்தார். பழக்க தோஷத்தில் தோள் உயரத்திலிருந்து விட்டார், ஒரு ஸ்ட்ரோக் தண்டனை பெற்றார். விதியைத் தாய்மொழியில் படிக்கிறவருக்கே அப்படி நடந்தது. ஆனால் ஃபௌலருக்கு மறு வாரமும் போட்டி இருந்தது. என் தம்பி மகனுக்கு அடுத்த வருஷம்தான்.

ஐயா, தகுதிப் போட்டி என்கிற ஏற்பாட்டின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆட்டக்காரர்கள் அதை கியூ ஸ்கூல் என்கிறார்கள். ஐரோப்பியச் சுற்றில் கடைசிக் கட்டம் மட்டும் ஆறு நாள், 108 குழி. அங்கே அப்பன் பெயர் கேட்பதில்லை, எந்த கிளப்பில் உறுப்பினர் என்று கேட்பதில்லை. எத்தனை அடியில் முடித்தாய், அவ்வளவுதான் கேள்வி. ஜீவ் மில்கா சிங் 1997-ல் அந்த வழியாகத்தான் ஐரோப்பியச் சுற்றில் நுழைந்த முதல் இந்தியர் ஆனார். அர்ஜுன் அத்வால் 2003-ல் அமெரிக்கச் சுற்றில் ஆடும் உரிமையான கார்டை வாங்கியதும் கியூ ஸ்கூலில்தான். பெங்களூருவின் அதிதி அசோக் 2015 டிசம்பரில், பதினேழு வயதில், பெண்கள் ஐரோப்பியச் சுற்றின் தகுதிப் போட்டியில் முதலாவதாக வந்தார்.

அத்வால் கதையில் இன்னொரு திங்கட்கிழமை இருக்கிறது. 2010-ல் அவர் கார்டை இழந்திருந்தார். ஆகஸ்டில் விண்டம் சாம்பியன்ஷிப்புக்கு முன் நடக்கும் திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றில் ஆடி இடம் பிடித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பையையும் வென்றார். அமெரிக்கச் சுற்றில் ஓர் இந்தியர் வென்ற முதல் பட்டம் அது. இதை என் தம்பி மகனுக்குச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவன் உலகத்திலும் திங்கட்கிழமைதானே கதவு திறக்கும் நாள்.

கேடிகளும் மைதானத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இந்த விளையாட்டுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்தியன் ஓபன் வென்றார், 1993-ல் மறுபடியும் வென்றார். கல்கத்தாவில் புல்தரை பராமரித்தவரின் மகன் சௌரசியா, 2008-ல் டெல்லியில் ஐரோப்பியச் சுற்றுப் பட்டம் வென்று அந்தச் சுற்றில் இடம் பிடித்தார். 2009-ல் இந்தியன் ஓபன் வென்ற பெங்களூரு முனியப்பாவும் எளிய வீட்டுப் பிள்ளைதான். கடல் தாண்டித் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாப்வா செவ்கோலம் என்ற இந்திய வம்சாவளிக் கேடி 1963-ல் நாட்டல் ஓபன் வென்றார். கிளப் கட்டடத்துக்குள் அவருக்கு அனுமதி இல்லை. மழையில் வெளியே நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். ஆட்டத்தில் தகுதி பெற்றவரை வாசலில் நிறுத்திய நிறவெறிக் காலம் போய்விட்டது. மொழி என்கிற வாசல்படி இன்னும் இருக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வருகிறேன்.

1968 மாஸ்டர்ஸில் அர்ஜென்டினாவின் ராபர்டோ டி விசென்சோவுக்கு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். பதினேழாவது குழியை அவர் மூன்றில் முடித்தார். கூட ஆடியவர் நான்கு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டார். எழுதியதே கணக்கு என்றாகி, சமநிலை கைவிட்டுப் போனது, பட்டம் பாப் கோல்பிக்குப் போனது. மைதானத்தில் எவ்வளவு ஆடினாலும் கடைசியில் ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்தான் தீர்ப்புச் சொல்கின்றன. அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிற விதிகளைத் தன் மொழியில் ஒருமுறைகூடப் படிக்காத பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் பலர். செவிவழி கற்றவர்கள். செவிவழி கற்றது விதி மாறும்போது ஏமாற்றிவிடும்.

அதனால் நான் முதலில் கேட்பது ஒரு சின்னப் புத்தகம். தகுதிப் போட்டிக்கு வருகிறவனுக்கு அவசியமான விதிகள் தமிழில் வேண்டும். தெலுங்கு, கன்னடம், வங்காளம், இந்தி பேசும் கேடிகளுக்கு அவரவர் மொழியில் வேண்டும். அறுபது பக்கம் போதும். சட்டைப்பையில் அடங்க வேண்டும், மழையில் நனைந்தால் கிழியாத தாளாக இருக்க வேண்டும். போட்டிக்கு முந்தைய நாள் ஒருவர் அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மைதானத்திலேயே செய்து காட்டினால் இன்னும் நல்லது. கையில் பந்தைக் கொடுத்து, விடச் சொல்லிப் பார்த்தால் போதும்.

அடுத்தது பணம். சென்னையில் உங்கள் சுற்றின் போட்டிகள் நடந்திருக்கின்றன, ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோயம்புத்தூரிலும் மைதானங்கள் இருக்கின்றன. தகுதிப் போட்டியின் முதல் கட்டத்தை இங்கே எங்காவது வைத்து, பை தூக்கிப் பிழைக்கிற சிலருக்காவது கட்டணம் இல்லாமல் இடம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். அதற்கும் கேடிகளுக்குள் ஒரு சுற்று வைத்தே தேர்ந்தெடுங்கள், யார் தயவும் வேண்டாம். கடனாகக் கொடுத்துப் பரிசுப் பணத்தில் கழித்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்லக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தறிக்கு முன்பணம் வாங்கிவிட்டு, பாக்கி தீராமல், ஒரே முதலாளியிடம் ஆயுசு முழுக்க நெய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். என் தாத்தா அவர்களில் ஒருவர். கடனைச் சுமந்துகொண்டு புட் அடிக்கிறவன் கை நடுங்கும்.

வெளியுலகில் இந்தக் கதவு குறுகிக்கொண்டு வருகிறது. அமெரிக்கச் சுற்றில் 2013 முதல் பத்து ஆண்டுகள் கியூ ஸ்கூலிலிருந்து நேரடி வழியே இல்லை. 2023-ல் திறந்தார்கள், ஐந்து கார்டு என்ற அளவில். 2026 முதல் முழுத் தகுதி பெறுவோரை 125-லிருந்து 100 ஆகக் குறைக்கவும், திங்கட்கிழமை இடங்களைச் சுருக்கவும் தீர்மானித்தார்கள். அத்வால் நுழைந்த சந்து அது. பெரிய ஒப்பந்தம் போட்டு ஆட்களை அழைத்துவரும் லீக்குகள் வேறு வந்துவிட்டன. விளம்பரதாரர்களுக்குத் தெரிந்த முகம் வேண்டும், அது எனக்குப் புரிகிறது. என்றாலும் தெரியாத முகம் ஒன்று பட்டியலில் ஏறுவதற்கு நம் நாட்டில் இருக்கிற வழியை நீங்கள் இருக்கும்வரை குறைக்க விடாதீர்கள். 1983-ல் உங்களையும் யாரும் பட்டியலில் வைத்திருக்கவில்லை.

என் தம்பி மகன் இன்னும் ஆடுகிறான். வளையலை இரண்டு வருஷம் கழித்து மீட்டோம். இந்த மடலோடு, நானும் அவனுமாகச் சேர்ந்து எழுதிய ஒரு பக்கத்தை மாதிரிக்காக இணைத்திருக்கிறேன். கோல்ஃப் சொற்களை அவன் சொன்னான், வாக்கியத்தை நான் அமைத்தேன். தவறிருந்தால் விதி தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். அதன் முதல் பத்தி இது:

"பந்தை எடுத்துப் போட வேண்டி வந்தால், கொஞ்சம் குனி. கையை முழங்கால் உயரத்துக்கு இறக்கு. நீ நிமிர்ந்து நிற்கும்போது உன் முழங்கால் எந்த உயரமோ அதுதான் உயரம். பந்தை நேராக விடு. எறியாதே, சுழற்றாதே, உருட்டாதே. பந்து உன் மேலோ உன் ஸ்டிக் மேலோ பட்டுவிட்டுத் தரையைத் தொடக் கூடாது. பழக்கத்தில் தோள் உயரத்திலிருந்து விட்டுவிட்டாயா? பயப்படாதே. இன்னும் அடிக்கவில்லை. எடு. மறுபடி விடு."

இப்படிக்கு,
ஆரணிப் பட்டு நெசவாளி ஒருவன்