ஒதுங்கி நிற்பவன் யார் பக்கம்?

“நீ உண்டு, உன் படிப்பு உண்டு என்று இரு. யார் வம்புக்கும் போகாதே.” பிள்ளையை விடுதியில் விட்டுத் திரும்பும் பெற்றோர் பலர் சொல்லும் கடைசி வார்த்தை இதுவே. அன்பில் பிறந்த அறிவுரைதான். ஆயினும் பிழையான அறிவுரை. நாலு பேர் சூழ ஒருவன் அவமானப்படுத்தப்படும்போது, பார்த்து நிற்பவன் நடுநிலையில் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ராகிங் என்னும் பகடிவதையோ பார்வையாளரை நம்பியே அரங்கேறுகிறது. அவனது மௌனம் வதைப்பவனுக்குச் சம்மதம். வதைபடுபவனுக்கு இன்னோர் அடி.

1996 நவம்பரில் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவரால் கொல்லப்பட்டார். தமிழகமே அதிர்ந்தது. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் பிறந்தது: 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிமுறைகளோ, பாதிக்கப்பட்டவர் மட்டுமன்றிக் கண்ணால் கண்டவரும் புகார் கூற ஊக்குவிக்கப்பட வேண்டும் என்றும், கூறியவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்றும் சொல்கின்றன. பெற்றோரும் பிள்ளையும் கையொப்பமிடும் உறுதிமொழிப் பத்திரம் இவ்விதிமுறைகளின்படி வந்ததே. கையொப்பமிடுமுன் அதைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்?

“நெஞ்சில் ஈரமுள்ளவன் சொல்லாமலே உதவுவான், இதையெல்லாம் கற்பிக்க வேண்டுமா?” என்பார் உண்டு. ஈரம் மட்டும் போதாது. 1968-இல் ஜான் டார்லி, பிப் லத்தானே என்னும் அமெரிக்க உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேறோர் அறையில் ஒருவர் வலிப்பில் துடிப்பதாக மாணவர்களின் காதில் விழச் செய்தனர். தனக்கு மட்டுமே கேட்கிறது என நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் வலிப்பு ஓயுமுன்பே உதவி தேடினர். இன்னும் நால்வருக்குக் கேட்கிறது என நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே அவ்வாறு செய்தனர். அதே டார்லி, டேனியல் பேட்சனுடன் 1973-இல் வெளியிட்ட ஆய்வு நம்மை இன்னும் சுடும். சொற்பொழிவாற்றச் சென்ற இறையியல் மாணவர்களின் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமினார். நேரமாயிற்று என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே உதவினர். அம்மாணவர்களில் ஒரு பாதியினர் பேசச் சென்ற பொருள் நல்ல சமாரியர் உவமை!

ஆகவே உதவுவதும் ஒரு பயிற்சியே. திரைப்படமோ வேறு பாடம் புகட்டுகிறது: ஒற்றை ஆளாகப் பத்துப் பேரை வீழ்த்துபவனே வீரன். அப்படி அடிக்க இயலாத பிள்ளை, தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று முடிவுகட்டி அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

கைகலப்பு தேவையே இல்லை. “வாடா, சாப்பிடப் போகலாம்” என்று வதைபடுபவனை அழைத்துச் செல்லலாம். தனியே போகாமல் இருவர் மூவராய்ப் போகலாம். குடிபோதையிலோ கையில் ஆயுதத்தோடோ இருப்பவரை நெருங்காமல், விடுதிக் காப்பாளரையோ காவல் துறையையோ அழைக்கலாம். 1800-180-5522 என்ற கட்டணமில்லா உதவி எண்ணும் உண்டு. எதுவும் இயலாவிடின், எல்லாம் ஓய்ந்தபின் அவனருகே அமர்ந்து, “நடந்தது தவறு, நான் பார்த்தேன், புகார் கொடுக்க உடன் வருகிறேன்” என்று சொல்லலாம். தன்னந்தனியன் என்று நொறுங்கும் உள்ளத்துக்கு அச்சொல்லே ஊன்றுகோல்.

“பழிவாங்குவார்களே!” என்னும் அச்சம் பொய்யன்று. அதை நீக்குவது கல்லூரியின் கடமை. புகார் வந்தும் வாளாவிருக்கும் நிறுவனத் தலைவரைக் குற்றத்துக்கு உடந்தையாகவே 1997-ஆம் ஆண்டுச் சட்டம் கருதுகிறது. நிறுவனத்தின் நற்பெயருக்காகப் புகாரை மூடி மறைப்போர் இதை நினைவிற் கொள்வாராக.

பெற்றோருக்கும் பங்கு உண்டு. தான் கண்ட கொடுமையை ஓர் இரவில் பிள்ளை தொலைபேசியில் சொல்லும்போது, “உனக்கேன் அது?” என்று கேட்டு அவன் வாயை அடைக்காதீர்கள். “அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான்?” என்று கேளுங்கள்.