கேபிள் துளைகள் வழியே பரவும் புகை: தீத்தடுப்பு நுரை மட்டும் போதுமா?

புதுடெல்லி: அடுக்குமாடிக் கட்டடத்தில் தீப்பற்றும்போது, தீப்பிடித்த தளத்தில் இருப்பவர்கள் மட்டுமன்றி, பல தளங்களுக்கு மேலே இருப்பவர்களும் ஆபத்துக்கு உள்ளாகின்றனர். கேபிள்களுக்காகவும் குழாய்களுக்காகவும் சுவரிலும் தளத்திலும் இடப்படும் துளைகள் அடைக்கப்படாவிட்டால், அவையே புகைக்கு வழியாகின்றன.

டெல்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13-ஆம் தேதி தரைத்தள மின்மாற்றியில் பற்றிய தீயின் புகை பால்கனியைச் சூழ்ந்ததில் 59 பேர் உயிரிழந்தனர். கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9-ஆம் தேதி அடித்தளத்தில் தொடங்கிய தீ, ஏறத்தாழ 90 பேரைப் பலிகொண்டது. இரு விபத்துகளிலும் பெரும்பாலானோர் மூச்சுத் திணறியே இறந்தனர். புகை பரவிய வழிகள் பல. எனினும், தீ தொடங்கிய பகுதியிலேயே புகையைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்பதே இரண்டும் உணர்த்தும் பாடம்.

விதி என்ன சொல்கிறது?

தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி, தளங்களை ஊடுருவிச் செல்லும் கேபிள், குழாய்ப் பாதைகளைத் தீயைத் தாங்கும் பொருளால் அடைக்க வலியுறுத்துகிறது. இத்தகைய அடைப்புகளைச் சோதிக்க ஐஎஸ் 12458 என்ற இந்தியத் தர நிர்ணயமும் உள்ளது. ஆனால், விதித்தொகுப்பு பரிந்துரைத் தன்மை கொண்டது. மாநிலங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் கட்டட விதிகளில் சேர்க்கும்போதே அது கட்டாயமாகிறது.

நுரையின் எல்லை

கதவு, ஜன்னல் சட்டங்களைச் சுற்றி அடிக்கப்படும் சாதாரண பாலியூரித்தேன் நுரை எளிதில் எரியக்கூடியது. தீத்தடுப்பு நுரை இளஞ்சிவப்பு நிறத்தில் விற்கப்படுவதுண்டு; ஆனால் நிறம் தரச்சான்று ஆகாது. டப்பாவில் காணப்படும் 'பி1' என்ற குறியீடு, பொருள் எளிதில் தீப்பற்றாது என்பதை மட்டுமே காட்டும். அடைப்பு எத்தனை நிமிடம் தீயைத் தாங்கும் என்பது வேறு சோதனை. அந்த நிமிடக் கணக்கும், சோதிக்கப்பட்ட இடைவெளியின் அகலம், ஆழம், சுவரின் வகை ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தும்.

இரு சுவர்களுக்கு இடைப்பட்ட நேர்கோட்டு இடைவெளிக்குச் சான்று பெற்ற நுரையைக் கேபிள் கட்டுக்குப் பயன்படுத்துவது பாதுகாப்பு அல்ல. பிளாஸ்டிக் குழாய் வெப்பத்தில் உருகி, அதன் இடத்தில் வெற்றுத் துளை உருவாகும். அங்கு வெப்பத்தில் விரிந்து துளையை நெரித்து மூடும் வளையம் தேவை. கேபிள் கட்டுகளுக்கு, அதற்கெனச் சோதிக்கப்பட்ட விரிவடையும் பூச்சு, கனிமக் கம்பளிப் பலகை, சிறப்புச் சாந்து அல்லது நுரை உண்டு.

பூசும் முறை

சரியான பொருளும் தவறாகப் பூசப்பட்டால் பயன் தராது. துளையில் உள்ள தூசியை அகற்றி, பரப்பை லேசாக நனைக்க வேண்டும். சாதாரண வகை பாலியூரித்தேன் நுரை ஈரப்பதத்தால்தான் இறுகுகிறது. அது விரிவடையும் என்பதால் இடைவெளியை முழுவதுமாக நிரப்பாமல், தயாரிப்பாளர் குறிப்பிடும் அளவுக்கே அடிக்க வேண்டும். உந்துவாயு தீப்பற்றக்கூடியது என்பதால் அருகில் நெருப்போ தீப்பொறியோ கூடாது. கையுறையும் காற்றோட்டமும் அவசியம். இறுகிய நுரை வெயிலில் சிதையும் என்பதால் வெளிப்படும் பகுதியை மூட வேண்டும்.

பொறுப்பு யாருக்கு?

பெரிய சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. இணையக் கேபிளுக்கோ புதிய ஏ.சி. குழாய்க்கோ ஒருவர் துளையிட்டால், அதுவரை இருந்த அடைப்பு பயனற்றதாகிறது. ஃபால்ஸ் சீலிங் மூடிவிட்டால் அந்தத் துளை எவர் கண்ணிலும் படாது. எனவே, சீலிங் மூடப்படும் முன் ஆய்வு, ஒவ்வொரு அடைப்புக்கும் எண்ணும் புகைப்படமும் கொண்ட பதிவேடு, புதிதாகத் துளையிடுவோரே அடைத்துக் காட்டும் நிபந்தனை ஆகிய மூன்றும் தேவை. தடையில்லாச் சான்று வழங்கும் நாளில் மட்டும் சரிபார்க்கப்படும் அடைப்பு, அடுத்த கேபிள் வரும் வரைதான் நம்பத்தக்கது.