மே மாதம் ஊசுடு ஏரியில் யாருக்கு விழா?

மே மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வந்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்களில் பறவைப் படங்கள் வரிசை கட்டும். உலக வலசைப் பறவைகள் தினமாம். அதே நாளில் உழவர்கரையிலிருந்து மேற்கே வண்டியை விட்டு ஊசுடு ஏரிக்குப் போனால், வடக்கிலிருந்து வந்த வாத்து கண்ணில் படுவதே அபூர்வம். ஏப்ரலுக்குள் பெரும்பாலானவை மூட்டை கட்டியிருக்கும்.

தப்பு பறவைகள் மேல் இல்லை, காலண்டர் மேல்தான். வடக்கு நாடுகளில் பனி உருகி வசந்தம் பிறக்கும்போது பறவைகள் ஊர் திரும்புகின்றன. அங்கே மே மாதம் வரவேற்பு விழா. இங்கே அது அக்னி நட்சத்திரம். 2006-ல் தொடங்கிய இந்த தினத்தை 2018 முதல் அக்டோபரின் இரண்டாவது சனிக்கிழமையும் கடைப்பிடிக்கிறார்கள். புதுச்சேரிக்குப் பொருந்துவது அதுதான். ஆனால் அந்த நாளை இங்கே யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

அக்டோபர், நவம்பரில்தான் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நீலச்சிறகி எல்லாம் வரத் தொடங்கும். நீலச்சிறகியின் எடை அரை கிலோகூட இருக்காது. சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வருகிறது. குஞ்சு பொரிக்க வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வாத்துகள் கூடு கட்டுவது வடக்கே, கோடையில். இங்கே வருவது சாப்பாட்டுக்கு. நம் மரங்களில் கூடு கட்டும் நாரை, கொக்கு எல்லாம் பெரும்பாலும் இந்தியப் பறவைகளே.

அந்தச் சாப்பாடு கிடைப்பது ஆழமற்ற, சேறு தட்டும் கரையோரத் தண்ணீரில். ஏரியின் ஓரம் சுருங்கினால் முதலில் பட்டினி கிடப்பது இவைதான். புதுச்சேரியின் மிகப்பெரிய ஏரியான ஊசுடுவின் ஒரு பகுதி தமிழகத்தின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. புதுச்சேரி அரசு 2008-ல் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பிறகு தமிழகமும் அறிவித்தது. காகிதத்தில் ஏரி பத்திரம். சுற்றிலும் கல்லூரிகளும் மனைப்பிரிவுகளும் நெருங்கி வருவதைக் காகிதம் மட்டும் நிறுத்திவிடாது.

ஊர் மக்கள் நிறுத்தியதற்கு முன்னுதாரணம் உண்டு. வேடந்தாங்கலில் பறவைகளைச் சுடுவதை எதிர்த்துக் கிராமத்தினர் முறையிட, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு தந்தார். வெறும் பாசம் மட்டுமல்ல. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று விவசாயிகளுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் கேட்டு அழாமலா இருப்பார்கள்? இருந்தும் ஊர் கட்டுப்பாடாக நிற்கிறது. மேடை, மைக், பேனர் எதுவும் இல்லாத பறவைத் திருவிழா அது.

உழவர்கரைக்கு இது ஒத்துவருமா? பெயரில் உழவர் இருக்கிறார். தெருவில் அபார்ட்மென்ட்தான் இருக்கிறது. ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்வதைப் பார்த்து வளராத தலைமுறை இது. ஆனால் மாடி டேங்க்குக்கு ஏறும் போர்வெல் தண்ணீருக்கும் ஊசுடுவுக்கும் தொடர்பு உண்டு. இந்தப் பகுதியின் நிலத்தடி நீரை ஊறவைக்கும் முக்கிய ஏரி அது. வாத்து மேயும் ஓரம் போனால், போர் இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கும்.

அதனால் கொண்டாட்டத்தை அக்டோபருக்கு மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. தீபாவளியும் கிட்டத்தட்ட அப்போதுதான் வரும். கரையோரத்தில் மட்டுமாவது வெடியைத் தவிர்க்கலாம். பறக்கும் போட்டோ வேண்டும் என்று கல் எறிவது, ட்ரோன் விடுவது எல்லாம் வேண்டாம். நெடும்பயணம் முடித்து வந்த பறவையை வீணாக எழுப்பிவிட்டால், சேர்த்த கொஞ்சம் கொழுப்பும் போய்விடும்.

பொங்கல் சமயத்தில் இன்னொரு வாய்ப்பு. 2015 முதல் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பறவை நிபுணராக இருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்ததை எண்ணி இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு, காலையில் வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது.