முதுகில் ஒரு எவர்சில்வர் தகடு

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு முதல் நாளே மாட்டிவிடப்படுவது கையில்லாத ஒரு ஜாக்கெட். முதுகில் சிலிண்டர் தொங்கும். இடது தோள்பக்கம் ஒரு குழாய், அதன் நுனியில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் சிலிண்டர் காற்று ஜாக்கெட்டுக்குள் போகும், மிதக்கலாம். இன்னொன்றை அழுத்தினால் காற்று வெளியேறும், மூழ்கலாம். பி.சி.டி. என்று இதற்குப் பெயர்.

கடலின் மேல்பரப்பில் இது தாய்மடி மாதிரி. காற்றை நிரப்பிவிட்டால் தலை நிமிர்ந்து, தோளுக்கு மேல் தண்ணீர் வராமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். புதிதாக இறங்குகிறவருக்கு அந்தத் தைரியம் முக்கியம். பயிற்சிப் பள்ளிகள் ஜாக்கெட்டை விடாமல் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம்.

சிக்கல் தண்ணீருக்கு அடியில் ஆரம்பிக்கிறது. ஜாக்கெட்டின் காற்றுப்பை அக்குளுக்குக் கீழே, விலாவைச் சுற்றி, வயிறு வரைக்கும் வருகிறது. காற்று ஏறும்போது நெஞ்சை இறுக்கும். மேலுடம்பைக் காற்று தூக்க, இடுப்பில் கட்டிய ஈயம் கீழே இழுக்க, மனிதர் கடல்குதிரை மாதிரி நிமிர்ந்து நிற்பார். நின்றபடியே நீந்தினால் துடுப்பு தரையைக் கிளறும், பவளத்தை உடைக்கும். தண்ணீரைத் தள்ளுவதற்கே மூச்சு செலவாகும். கூட வந்தவரின் சிலிண்டரில் பாதி இருக்கும்போது இவருடையது காலியாகிக்கொண்டிருக்கும்.

இதற்கு மாற்றாக இன்று பலர் தேடிப் போவது 'பேக்பிளேட் அண்ட் விங்'. முதுகில் ஒரு உலோகத் தகடு. அதில் கோத்த நீளமான நைலான் பட்டை ஒன்று, இரு தோள்களையும் சுற்றி இடுப்பில் வந்து ஒரே கொக்கியில் முடியும். தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் குதிரை லாட வடிவிலோ வளைய வடிவிலோ ஒரு காற்றுப்பை. அதுதான் விங். நெஞ்சிலும் வயிற்றிலும் எதுவும் இல்லை. கால்களுக்கு நடுவே ஒரு பட்டை வந்து முன்பக்கம் மாட்டும். சாமான் முழுவதும் தலைப்பக்கம் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதுதான். நம் ஊர்த் தாத்தாக்களிடம் காட்டினால், "கோவணம்தானே இது?" என்பார்கள்.

இந்த அமைப்பு சுற்றுலாக் கடற்கரைகளில் பிறக்கவில்லை. அமெரிக்காவில் வட ஃபுளோரிடாவின் நீரூற்றுக் குகைகளில் பிறந்தது. தரையில் மாவு மாதிரி வண்டல் படிந்திருக்கும் அந்தக் குகைகளில், கால் ஒரு தடவை தவறாக அடித்தாலே போதும். விளக்கு கையில் இருந்தும் கைவிரல் தெரியாது. நேரே மேலே போய்விடலாம் என்றால் தலைக்கு மேல் பாறை. வெளியே போகும் வழி தெரியாமல் காற்று தீர்ந்து அங்கே இறந்தவர்கள் பலர். உடம்பைப் படுக்கை வாட்டில் வைத்திருப்பது அங்கே அழகுக்காக அல்ல, உயிரோடு திரும்புவதற்காக. 1970களில் அங்கே குகைகளில் இறங்கியவர்கள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொண்டார்கள். கிரெக் ஃபிளனகன் என்பவர் செய்து தந்த தகடுகள் பெயர் பெற்றவை. ஆரம்ப காலத் தகடுகள் சில, சாலையோர அறிவிப்புப் பலகைகளை வெட்டிச் செய்தவை என்றுகூட டைவர்கள் கதை சொல்வதுண்டு. தேவையில்லாத கொக்கி, தொங்கும் குழாய் எல்லாவற்றையும் கழித்துக் கட்டியவர் பில் மெய்ன். அவருடைய நடுப்பெயர் ஹோகார்த். அதனால்தான் அந்தப் பட்டை அமைப்புக்கு இன்றும் 'ஹோகார்த்தியன்' என்று பெயர்.

சரி, தகட்டை மாட்டினால் உடம்பு தானாகப் படுத்துவிடுமா? பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஈயத்தில் இருக்கிறது.

ஒரு கணக்கு. தேவைக்கு மேல் 2 கிலோ ஈயம் கட்டியவர், அதைச் சமன் செய்யப் பையில் 2 லிட்டர் காற்று கூடுதலாக விட வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த 2 லிட்டர், 5 மீட்டருக்கு ஏறும்போது அழுத்தம் குறைந்து இரண்டே முக்கால் லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். பை உப்ப உப்ப ஆள் இன்னும் வேகமாக மேலே போவார். வேகமாக ஏறுவது நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் ஆபத்து. எந்தப் பையை மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் காசு செலவழிக்கும் முன் பழைய ஜாக்கெட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். டைவ் முடிகிற நேரம், சிலிண்டரில் 50 பார் மிச்சம், 5 மீட்டர் ஆழம். பையை முழுக்கக் காலி செய்துவிட்டு, சாதாரணமாக மூச்சு விட்டபடி அதே இடத்தில் நிற்க முடிந்தால் ஈயம் சரி. கல் மாதிரி இறங்கினால் அதிகம். ஒன்றிரண்டு கிலோவைக் கழற்றியதுமே பலருக்குப் பாதிக் குறை தீர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் ஜாக்கெட் நெஞ்சை இறுக்கினால், அப்போது தகட்டுக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு.

எவர்சில்வர் தகடு சுமார் இரண்டரை முதல் 3 கிலோ வரை இருக்கும். அந்த எடை முதுகில் பரவுவதால் இடுப்பு ஈயத்தை அந்த அளவுக்குக் குறைக்கலாம். இங்கேதான் யோசிக்க வேண்டும். நம் பக்கத்துக் கடல் வெதுவெதுப்பானது, மெல்லிய உடையே போதும். மெல்லிய உடை, எவர்சில்வர் தகடு, கூடவே இரும்புச் சிலிண்டர் என்று சேர்ந்தால் ஈயமே கட்டாமல்கூட எடை கூடிப்போகும். பை கிழிந்தால் கழற்றி எறிய ஒன்றும் இருக்காது. தூத்துக்குடிப் பக்கம் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அடிக்குப் போனதும் கல்லை விட்டுவிடுவார்கள், படகில் இருப்பவர் அதைக் கயிற்றோடு இழுத்துக்கொள்வார். இறங்கிய கல்லோடு அவர்கள் ஏறியதில்லை. வெதுவெதுப்பான கடலுக்கு அலுமினியத் தகடு வாங்கி, ஒன்றிரண்டு கிலோவைக் கழற்றக்கூடிய ஈயமாக வைத்துக்கொள்வது அந்த வழியில்தான் சேரும்.

பட்டையை அளவு பார்ப்பது பொறுமை கேட்கும் வேலை. முதல் தடவை எல்லோரும் இறுக்கமாகத்தான் வைக்கிறார்கள். தோள்பட்டைக்கு அடியில் உள்ளங்கை தாராளமாக நுழைய வேண்டும். இல்லாவிட்டால் படகில் கழற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். பாக்கெட் கிடையாது என்பதும் முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

மேல்பரப்பில் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். ஜாக்கெட் பழக்கத்தில் பையை முழுக்க நிரப்பினால், முதுகிலிருக்கும் காற்று முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளும். பாதி நிரப்பி, ஈஸி சேரில் சாய்கிற மாதிரி பின்னால் சாய்ந்தால் சுகமாக இருக்கும். காற்றை வெளியேற்றும் கீழ் வால்வு இடுப்புப் பக்கம், முதுகுப்புறம் இருக்கும். கை தன்னால் அங்கே போகிற வரைக்கும் நீச்சல் குளமே நல்லது.

கடலுக்குப் போகிற முதல் நாள், கூட இறங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஜாக்கெட்டில் தோள்பட்டையிலும் கொக்கி இருக்கும், மயங்கியவரைச் சட்டென்று கழற்றிவிடலாம். இந்த அமைப்பில் பெரும்பாலும் அது கிடையாது. இடுப்புக் கொக்கியைத் திறந்து, தோள்பட்டையைக் கத்தியால் அறுக்க வேண்டும். கத்தி எங்கே செருகியிருக்கிறது என்பதைப் படகிலேயே காட்டி, அவர் கையாலேயே ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொல்லிவிட்டு இறங்கலாம்.