மெஸ் பெட்டியில் விழுந்த 17 பேர்!

போன வாரம் எங்க லேப்ல நடந்த காமெடி இது. காமெடின்னு இப்போ சொல்றேன். அன்னைக்கு எனக்கு ஜுரமே வந்துடுச்சு.

டிபார்ட்மென்ட் ஃபெஸ்ட்டுக்கு ஆன்லைன் ரெஜிஸ்ட்ரேஷன். செகண்ட் இயர் ஜூனியர் ஒருத்தி ராத்திரியெல்லாம் கண் முழிச்சு, நோட் ஜே.எஸ்-ல சூப்பரா செஞ்சு கொடுத்தா. லேப்ல இருக்கிறதோ ஒரே ஒரு பழைய மெஷின், கேம்பஸுக்குள்ள மட்டும்தான் தெரியும். அதுல ஏற்கெனவே ஹாஸ்டல் மெஸ்ஸோட கருத்துப் பெட்டி 8000-வது போர்ட்ல ஓடிட்டிருக்கு. ஃபெஸ்ட்டுக்கு 3000. போஸ்டர்ல போய் போர்ட் நம்பரையா அடிக்க முடியும்? 'ஃபெஸ்ட்', 'மெஸ்'னு ஆரம்பிக்கிற மாதிரி ரெண்டு முகவரி வெச்சு, முன்னாடி என்ஜின்எக்ஸை நிறுத்தறது என் வேலை.

விஷயம் சிம்பிள்தான். ஹாஸ்டல் கேட் ஒண்ணு, அது 80-வது போர்ட். வாட்ச்மேன், என்ஜின்எக்ஸ். ரெண்டு முகவரிக்கும் ஐ.பி. ஒண்ணுதான். ஆனா, பிரவுசர் வரும்போதே 'ஹோஸ்ட்'ங்கிற ஹெடர்ல யாரைப் பார்க்க வந்திருக்கோம்னு சொல்லிடும். (1997-ல் வந்த ஹெச்.டி.டி.பி 1.1 தான் இதைக் கட்டாயமாக்குச்சு. அதுக்கு முன்னாடி பொதுவா ஒவ்வொரு சைட்டுக்கும் தனி ஐ.பி. பாவம், நம்ம சீனியர்ஸ்!) வாட்ச்மேன் தன்னோட 'சர்வர் நேம்' லிஸ்ட்ல தேடுவார். கிடைச்சா, 'ப்ராக்ஸி பாஸ்'னு எழுதியிருக்கிற போர்ட்டுக்கு அனுப்புவார்.

கிடைக்கலைன்னா? அங்கதான் ஆப்பு. 'டிஃபால்ட்'னு நாம யாரையும் காட்டலைன்னா, ஃபைல்ல முதல்ல இருக்கிற ஆள்கிட்ட தள்ளிவிட்டுடுவார். எங்க ஃபைல்ல முதல் ஆள், மெஸ்.

நான் எஃப்-இ-எஸ்-டி அடிக்க வேண்டிய இடத்துல எஃப்-எஸ்-இ-டி அடிச்சிருந்தேன்! கான்ஃபிக் டெஸ்ட் ஓட்டினா, 'ஓகே'ன்னுச்சு. அது இலக்கணத்தைத்தான் பார்க்கும், போஸ்டர்ல என்ன ஸ்பெல்லிங்னு அதுக்கென்ன தெரியும்? நானும் 3000-ஐ நேரா திறந்து பார்த்துட்டு, நிம்மதியா தூங்கிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் வரை ரெஜிஸ்ட்ரேஷன் பூஜ்ஜியம். மொத்த டீம் முன்னாடி ஜூனியர்கிட்ட, "என்னம்மா கோட் எழுதியிருக்கே?"ன்னு கத்திட்டேன். அவ ஒண்ணும் பேசலை. லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, போஸ்டர்ல இருக்கிற முகவரியை அடிச்சுக் காட்டினா. 'ஹாஸ்டல் மெஸ்: பெயர், வருடம், உங்கள் கருத்து'ன்னு வந்து நின்னுச்சு.

அதுக்குள்ள 17 பேர் அந்தப் பெட்டியில 'க்விஸ்', 'பேப்பர் பிரசன்டேஷன்'னு டைப் பண்ணி அனுப்பியிருந்தாங்க. ஒருத்தர், 'மதியம் வெஜ் சாப்பாடு வேணும்'னு வேற! அதையெல்லாம் படிச்சு வார்டன் குழம்பினது தனிக் கதை.

எழுத்தை மாத்தி ரீலோட் பண்ண ஒரு நிமிஷம்கூட ஆகலை. கூடவே, லிஸ்ட்ல இல்லாத பேர்ல வர்றவங்களுக்கு 'டிஃபால்ட் சர்வர்'னு தனி பிளாக் போட்டு, 404 கொடுக்கச் சொல்லிட்டேன். 17 பேரையும் நானே உட்கார்ந்து ஃபெஸ்ட் லிஸ்ட்டுக்கு மாத்தினேன்.

அதே டீம் முன்னாடி, 'தப்பு என்னுது'ன்னு ஸாரியும் கேட்டாச்சு. "பரவால்லண்ணா, அடுத்த தடவை கான்ஃபிக் ஃபைலையும் நானே எழுதிடறேன்"கிறா!