பெட்டியைத் தூக்கப் போறது யாரு?

வெளியூர்ப் பயணத்துக்கு என்ன பெட்டி வாங்கலாம்னு பேச்சு வந்தா போதும், எல்லாரும் ஒரே இடத்துலதான் ஆரம்பிப்பாங்க. ஹார்டா, சாஃப்டா? ரெண்டு சக்கரமா, நாலு சக்கரமா? எந்த கம்பெனி? எவ்வளவு தள்ளுபடி? நியாயமான கேள்விகள்தான். ஆனா என்னைப் பொறுத்தவரை இதுக்கெல்லாம் முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு. அந்தப் பெட்டியைத் தூக்கப் போறது யாரு?

பெட்டி விஷயத்துல மூணு பேர் சம்பந்தப்பட்டிருக்காங்க. வாங்குறவர், அடுக்குறவர், தூக்குறவர். தனியாப் போறவங்களுக்கு மூணும் ஒரே ஆள், அதனால பிரச்சினை இல்லை. தூக்க முடியலைன்னா அடுத்த தடவை தானே குறைச்சுக்குவாங்க. மூணும் மூணு ஆளா இருக்கும்போதுதான் வில்லங்கம். அதுலயும் ரொம்ப மோசமான வில்லங்கம், அமெரிக்காவுல இருக்கிற பிள்ளைங்களைப் பார்க்கப் போற அப்பா அம்மாக்களுக்கு. இந்தப் பதிவு அவங்களுக்காக. சரியாச் சொன்னா, அவங்களோட பிள்ளைங்களுக்காக.

கணக்கு எப்படின்னு பாருங்க. இந்தியாவுலேர்ந்து அமெரிக்கா போற பல விமானங்கள்ல ஒரு ஆளுக்கு 23 கிலோ வீதம் ரெண்டு பெட்டி அனுமதி (டிக்கெட்டைப் பொறுத்து மாறும், போட்டிருக்கிறதைப் படிச்சுக்கோங்க). புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் சேர்த்து நாலு பெட்டி, 92 கிலோ. கையில ஆளுக்கு ஒரு 7 கிலோ. ஆக மொத்தம் 106 கிலோ!

23 கிலோன்னா எவ்வளவுன்னு தெரியணும்னா, வீட்டுக்கு வருமே அரிசி சிப்பம், 25 கிலோ, அதை நினைச்சுக்கோங்க. கடைப் பையன் தோள்ல வெச்சுக்கிட்டு வந்து சமையல்கட்டுல பொத்துன்னு இறக்கிட்டுப் போவான். அந்தச் சிப்பத்தை அப்பா கொஞ்சம் நகர்த்தப் போனாலே, "நீங்க சும்மா இருங்கப்பா, இடுப்பு பிடிச்சுக்கப் போகுது"ன்னு அதட்டுறோம். அதே அப்பாவுக்கு, அதே வயசுல, ஏறக்குறைய அதே எடையில நாலு பெட்டியைக் கட்டி ஏர்போர்ட்டுக்கு அனுப்புறோம். கேட்டா, "அதான் சக்கரம் இருக்கே"ங்கிறோம்.

சக்கரம் எங்கெல்லாம் உருளும்? வழவழப்பான தரையில உருளும். வீட்டு மாடிப்படியில உருளாது. கார் டிக்கிக்குத் தானா ஏறாது. முக்கியமா, பெட்டி சுத்தி வர்ற பெல்ட்லேர்ந்து தானா இறங்கி வராது. அங்க பெட்டி நகர்ந்துக்கிட்டே இருக்கும். குனியணும், எட்டிப் பிடிக்கணும், கூடவே ரெண்டடி நடக்கணும், உடம்பைத் திருப்பி வெளியே இழுக்கணும். இடுப்பு பிடிச்சுக்கிறதுக்கு இதைவிடத் தோதான வேலை வேற இருக்கிறதாத் தெரியலை. இருபது மணி நேரம் உட்கார்ந்தே வந்து, கால் வீங்கி, தூக்கம் இல்லாம நிக்கிற மனுஷங்க செய்யற வேலையா இது? முட்டி ஆபரேஷன், குடலிறக்க ஆபரேஷன் எல்லாம் பண்ணிக்கிட்டவங்களும் அந்தக் கூட்டத்துல நிக்கிறாங்க.

இதுல இன்னொரு சங்கதி. மகன் இருக்கிறது டல்லாஸ்னு வெச்சுக்குவோம். சென்னையில போட்ட பெட்டி டல்லாஸ்லதான் வரும்னு பல பெரியவங்க நம்பிக்கிட்டிருப்பாங்க. நடுவுல சிகாகோவுலயோ நியூயார்க்லயோ விமானம் மாறினா, வழக்கமா அந்த முதல் ஊர்லயே பெட்டிகளை எல்லாம் பெல்ட்லேர்ந்து எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடியும் அடுத்த விமானத்துக்குப் போடணும். (அபுதாபி மாதிரி, அமெரிக்க சோதனையைக் கிளம்புற இடத்துலயே முடிச்சு அனுப்புற ஊர் வழியா வந்தா இந்தத் தொல்லை இல்லை.) கையில அடுத்த விமானத்துக்கு ரெண்டு மணி நேரம் இருக்கும், அதுல பாதி குடியேற்ற வரிசையிலேயே போயிடும். சில ஏர்போர்ட்ல தள்ளுவண்டி எடுக்கவே கார்டு தேய்க்கணும். பிள்ளை வெளியே காத்துக்கிட்டிருக்கிற ஊர் இது இல்லை. தூக்கறதுக்கு ஆள் இல்லாத ஊர்!

சக்கர நாற்காலி கேட்டு வாங்கினா நல்ல ஒத்தாசைதான், மறுக்கலை. ஆனா தள்ளிக்கிட்டு வர்றவர் ஒரு ஆள், அவருக்கு இருக்கிறதும் ரெண்டு கைதான்.

சரி, அப்படி உள்ளே என்னதான் இருக்கு? ஊறுகாய், பருப்புப்பொடி, வடாம், குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, ஒரு குக்கர், இட்லித் தட்டு. இதுல பாதி அங்க இருக்கிற இந்தியக் கடையிலயே கிடைக்குது. விலை கூடத்தான், ஒத்துக்கறேன். ஆனா அந்தக் கூடுதல் விலையையும், பிடிச்சுக்கிட்ட இடுப்புக்கு அமெரிக்காவுல வைத்தியம் பார்க்கிற செலவையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. வந்து இறங்கின முதல் மூணு வாரம் பேரனைத் தூக்க முடியாத பாட்டியா அம்மா உட்கார்ந்திருந்தா, அந்த ஊறுகாய் என்ன ருசிக்கும்?

"நாங்க வேணாம்னுதான் சொல்றோம், அம்மா கேட்கறதில்லை"ன்னு பிள்ளைங்க சொல்லலாம். அதுவும் நிஜம்தான். தன் கையால இடிச்ச பொடி கடையில கிடைக்காதுங்கிறது அம்மாவோட கட்சி. அந்தக் கட்சியில நியாயம் இருக்கு, அதை எதிர்த்து என்னாலயும் வாதாட முடியாது. ஆனா கையால இடிச்ச பொடி ரெண்டு கிலோ இருக்குமா? மீதி இருக்கிற கிலோக்கள் எங்கேர்ந்து வருது? "அனுமதி இருக்கே, எதுக்கு விடணும்"ங்கிற எண்ணத்துலேர்ந்துதான் வருது. 23 கிலோங்கிறது விமானக் கம்பெனி போட்ட உச்சவரம்பு. இவ்வளவு கொண்டு வந்தே ஆகணும்னு யாரும் சட்டம் போடலை :-)

இப்போ பெட்டிக்கு வருவோம். பெரியவங்களுக்கு வாங்குறப்போ நான் சொல்றது இவ்வளவுதான்.

முதல்ல, 28 இஞ்ச் பெட்டியை விட்டுடுங்க. பெரிய பெட்டி வாங்கினா அதுல காலி இடம் விட நம்ம ஆளுங்களுக்கு மனசு வராது. 24 இஞ்ச் வாங்குங்க. துணிமணி வெச்சா 15, 16 கிலோவுல அதுவே ரொம்பிடும். எடையைக் குறைங்கன்னு சண்டை போடுறதைவிடச் சின்னப் பெட்டி வாங்கிக் கொடுக்கிறது சுலபம்.

ரெண்டாவது, காலிப் பெட்டியோட எடை. பெரிய சைஸ் கட்டிப் பெட்டி பல நேரம் 4, 5 கிலோ இருக்கும். 23ல 5 போனா, அஞ்சுல ஒரு பங்கு வெறும் பெட்டியைத்தான் தூக்கிட்டுப் போறோம். கடைக்காரர் சக்கரத்தை உருட்டித்தான் காட்டுவார். நீங்க கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கிப் பாருங்க. மேல ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, முடிஞ்சா அடியிலயும் ஒண்ணுன்னு கைப்பிடி இருக்கணும். பெல்ட்லேர்ந்து எடுக்க பக்கவாட்டுக் கைப்பிடிதான் கைகொடுக்கும்.

மூணாவது, சக்கரம். நாலு சக்கரப் பெட்டி ஏர்போர்ட் தரையில பக்கத்துலயே நடந்து வரும், மணிக்கட்டுக்கு சுகம். ஆனா சரிவுல விட்டா தானே கிளம்பிப் போயிடும். ரயில்லயும் ஒரு இடத்துல நிக்காது. குண்டும் குழியுமா இருக்கிற ரோட்டுல இழுக்கணும்னா ரெண்டு சக்கரம்தான் தாங்கும். பயணத்துல எந்த இடம் ரொம்பக் கஷ்டமோ, அந்த இடத்துக்கு ஏத்த மாதிரி வாங்குங்க.

நாலாவது, மருந்து, கண்ணாடி, டாக்டர் சீட்டு எல்லாம் கைப்பையில. பவர் பேங்க் பெட்டிக்குள்ள போகவே கூடாது, அதுவும் கைப்பையிலதான். கறிவேப்பிலைக் கொத்தை எடுத்துட்டுப் போகாதீங்க, பச்சைக் கறிவேப்பிலைக்கு அமெரிக்காவுல தடை. மத்த சாப்பாட்டுச் சாமானை எல்லாம் சுங்கப் படிவத்துலயோ வாயாலயோ சொல்லிடணும், மறைக்கக் கூடாது.

கடைசியா ஒரு பரீட்சை. கிளம்புறதுக்கு முந்தின நாள், கட்டி முடிச்ச பெட்டியைத் தூக்கப் போறவரைக் கூப்பிட்டு, தரையிலேர்ந்து கட்டில் மேல ஒரு தடவை வெச்சுக் காட்டச் சொல்லுங்க. மூச்சு வாங்காம வெச்சா சரி. முகம் சுருங்கினா திறந்து எடுங்க, சுருக்கம் போற வரைக்கும் எடுங்க. தராசு எல்லாம் அப்புறம்.

வெளிநாட்டுல இருக்கிற மக்களே, அடுத்த தடவை போன்ல பேசும்போது "என்னம்மா கொண்டு வரே?"ன்னு கேட்காதீங்க. "ஆளுக்கு ஒரு பெட்டிக்கு மேல கொண்டு வந்தா நான் ஏர்போர்ட்டுக்கே வரமாட்டேன்"னு சொல்லுங்க. பொய்தான். அம்மாவுக்கும் அது பொய்னு தெரியும். ஆனா ஒரு பெட்டி குறையும்.