தராசுக்கு முத்திரை உண்டு, காதுக்கு?



எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்கிறோம். எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஆனால் நாள் முழுவதும் ஆர்டர் வாங்கும் காதை நம்மில் எத்தனை பேர் சோதித்திருக்கிறோம்?

வியாபாரிக்குக் காதும் ஒரு தராசுதான். போனில் "இருபது மூட்டை" என்றால் அது அறுபதா, எழுபதா என்று பிரித்தறிய வேண்டும். வயதால் வரும் கேள்விக் குறைவு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் குறைவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். அதனால் சத்தம் கேட்கும், சொல் விளங்காது. "இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்" என்று நாம் குறைப்படுவது பல நேரம் நம் காதின் குறைதான்.

இரைச்சலும் காதைக் கெடுக்கும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இரைச்சலால் வரும் காது கேளாமையைத் தொழில் நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. இராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம் கடைக்கு வருகிறார்கள். மாவு மில், மிளகாய் அரைக்கும் மில் வைத்திருப்போரும் நம் சங்கத்தில் உண்டு. மடவார் வளாகத்துக் கடைக்காரருக்கு வண்டி ஹாரனும் ஒலிபெருக்கியும் புதிதல்ல.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. கடை அடைத்தபின், டி.வி., மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் ஒருவர் உங்கள் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, மூச்சை வெளியே விட்டபின், "மூன்று, எட்டு, ஐந்து" என்று மூன்று எண்களைக் கிசுகிசுப்பாகச் சொல்லட்டும். திருப்பிச் சொல்லுங்கள். தவறினால் வேறு மூன்று எண்கள். ஆறில் மூன்றாவது சரியாக வரவேண்டும். பிறகு அடுத்த காதுக்கு, புதிய எண்களோடு.

இன்னும் சில அடையாளங்கள்: டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டார் சண்டை பிடிப்பது, கூட்டத்தில் பேச்சு புரியாதது, போனை எப்போதும் ஒரே காதில் வைப்பது, காதில் ஓயாத ரீங்காரம்.

சந்தேகம் இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். சுத்தம் செய்தால் தீரும். தீக்குச்சி, ஊக்கு, காய்ச்சிய எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே போகவேண்டும். நாள் கடத்தினால் மீட்பது கடினம். வீட்டுச் சோதனை எச்சரிக்கைதானே தவிர, மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடல்ல.

மூக்குக் கண்ணாடி போட வெட்கப்படாத நாம், காதுக் கருவி என்றால் மட்டும் ஒளிந்துகொள்கிறோம். வாடிக்கையாளர் இரண்டு முறை சொல்வார். மூன்றாம் முறை அடுத்த கடையில் சொல்வார்.

மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள். ஆண்டுதோறும் அந்த நாளையொட்டி உறுப்பினர்களுக்கும், கடைச் சிப்பந்திகளுக்கும் சங்கம் செவிப் பரிசோதனை முகாம் நடத்தவேண்டும் என்பது என் கோரிக்கை. செலவில் என் பங்கைத் தரத் தயார். நிர்வாகிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவெடுக்க வேண்டுகிறேன்.